வீட்டுத் தோட்டத்தில் அடிபடாமல், விஷம் படாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டம் என்றாலே செடி ஏன் வாடுகிறது, பூ ஏன் உதிர்கிறது என்றுதான் கேள்வி வரும். இங்கே செடியை விட்டுவிட்டு, அதை வளர்க்கிற ஆளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தோட்டத்தில் பெரிய ஆபத்து எது? பாம்புதானே?

பாம்பு இருக்கிற இடத்தில் பாம்பும் ஆபத்துதான், அதற்குக் கீழே தனியாகவே பதில் இருக்கிறது. ஆனால் நாம் பயப்படுவது ஒன்றுக்கு, அடிபடுவது வேறொன்றால். பாம்பைப் பார்த்தால் எல்லோரும் தள்ளி நிற்போம். ஈரத் தரையில் குறுக்கே கிடக்கிற டியூப், பல் மேலே பார்க்கப் போட்டுவிட்டுப் போன குப்பைவாரி, ஒரு காலில் ஆடுகிற ஏணி, பெயர் எழுதாத பாட்டில் இவற்றைப் பார்த்து யாரும் தள்ளி நிற்பதில்லை, தினமும் கூடவே இருக்கிறதே. என்னைக் கேட்டால் ஒரு பாதுகாப்புச் சாமானும் வாங்குவதற்கு முன்னால், வேலை முடிந்ததும் டியூபைச் சுருட்டி மாட்டுவது, மண்வெட்டியையும் வாரியையும் சுவரில் சாய்த்து முனை சுவர்ப் பக்கம் பார்க்க வைப்பது, கத்தரியைப் பூட்டுக் கொக்கி போட்டு வைப்பது இந்த மூன்றையும் பழக்கமாக்கிக்கொண்டால் போதும், பாதி அடி குறையும்.

வெயிலில் கிடந்த டியூபைத் திறந்தவுடன் முதலில் வருகிற தண்ணீர் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை மேல் விளையாட்டாகப் பீய்ச்சுவதற்கு முன் கொஞ்ச நேரம் மண்ணில் ஓடவிடுங்கள்.

பூச்சிமருந்து கொஞ்சம்தான் மிச்சம், ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றிய மருந்தை ஒரு குழந்தையோ, தாகத்தில் வந்த பெரியவரோ எடுத்துக் குடிப்பதற்கு ஒரு வாய் போதும். பாராகுவாட் என்கிற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு மடக்கு உள்ளே போனாலும் சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டு, சில நாட்களோ சில வாரங்களோ கழித்து ஆளைக் கொல்லும். குடித்த அன்று நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், அதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்களும் ஏமாந்துவிடுவார்கள்.

மருந்து அது வந்த டப்பாவிலேயே, லேபிளோடு, மூடி இறுக்கி, பூட்டு போட்ட அலமாரியில், உணவுப் பொருளும் கால்நடைத் தீவனமும் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். உயரமான தட்டில் வைத்தால் போதும் என்று சொல்வார்கள், நாற்காலி இழுத்துப் போட்டு ஏறத் தெரிந்த குழந்தைக்கு உயரம் ஒரு தடையே இல்லை. அப்புறம், அளக்கிற மூடி, கலக்குகிற குச்சி, வாளி எல்லாம் மருந்துக்கென்றே தனியாக இருக்கட்டும். காலி டப்பாவைக் கழுவி வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம், அடியில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மருந்து அடிக்கும்போது முகக்கவசம் போட்டால் போதுமா?

எந்த முகக்கவசம் என்பதைப் பொறுத்தது. துணிக் கவசம் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், மருந்தின் ஆவியைத் தடுக்காது. மேலும், வீட்டுத் தோட்டத்தில் அடிக்கிறவர்களுக்கு மருந்து அதிகம் உள்ளே போவது மூக்கு வழியாக மட்டும் அல்ல, தோல் வழியாகவும்தான். குறிப்பாகக் கரைசலாக்காத மருந்தை அளக்கும்போது கையில் சிந்துவது, ஒழுகுகிற ஸ்பிரேயரைத் தோளில் மாட்டி முதுகு நனைவது. அதனால் தண்ணீர் புகாத ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, கண்ணாடி. துணிக் கையுறை வேண்டவே வேண்டாம், அது மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்துக்கொள்ளும், வெறுங்கையாவது கழுவினால் போய்விடும்.

காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நின்று அடியுங்கள். ஸ்பிரேயர் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள் (இப்படிச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம்ப முடியாது), தண்ணீரில் ஊற வைத்து மென்மையான பிரஷால் தேயுங்கள். முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு. அந்தத் துணியை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

நான் இயற்கை மருந்துதான் பயன்படுத்துகிறேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?

தேவை. இயற்கை என்பதற்கும் விஷமில்லாதது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. புகையிலையை ஊற வைத்து எடுக்கிற கரைசலில் இருப்பது நிக்கோட்டின், அது தோல் வழியாகவே உள்ளே போகும். வெறுங்கையால் பிழிந்தால் தலைசுற்றல், வாந்தி, படபடப்பு வரும், குழந்தை கொஞ்சம் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. வேப்பெண்ணெயைச் சிறு குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்து வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. செடிக்குத் தெளிக்க நல்ல பொருள்தான், நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன், ஆனால் டப்பாவில் பெயர் எழுதி மற்ற மருந்தோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள். மிளகாய், பூண்டுக் கரைசல் அரைத்த கையோடு கண்ணைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சுண்ணாம்பும் இந்தக் கணக்கில்தான் வரும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

யாராவது குடித்துவிட்டால், கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், முட்டை, பால் எதுவும் கொடுக்காதீர்கள், தொண்டையில் விரலும் விடாதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் விஷத்தோடு இன்னொரு சிக்கலும் சேரும். நேராக மருத்துவமனை. போகும்போது அந்த டப்பாவை, முடியாவிட்டால் லேபிளின் போட்டோவையாவது எடுத்துப் போங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும். வாயில் எச்சில் ஒழுகுவது, வியர்த்துக் கொட்டுவது, கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்குவது, தசை துடிப்பது, மூச்சுத் திணறுவது எல்லாம் சேர்ந்து வந்தால் அது ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தாக இருக்கலாம், தாமதிக்கவே கூடாது. மருந்து அடித்த அன்று இப்படி வந்தால், குடிக்காவிட்டாலும் தோல் வழியாகப் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டுச் சோப்பும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடம் ஓடவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், ஏனென்றால் கண் எரியும்போது ஒரு நிமிடமே 15 நிமிடமாகத் தோன்றும். அதற்கப்புறம் கண் மருத்துவர்.

எந்தெந்தச் செடி விஷம்? எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டுமா?

பிடுங்க வேண்டியதில்லை, எது என்ன என்று தெரிந்திருந்தால் போதும். அரளியும் மஞ்சள் அரளியும் இலை, பூ, காய், தண்டு எல்லாமே விஷம், இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும், காய்ந்தாலும் விஷம் போகாது. ஊமத்தையின் விதை புத்தி பேதலிக்கச் செய்யும். ஆமணக்கு, குன்றிமணி இரண்டின் விதையும் மிகக் கொடிய விஷம் கொண்டவை. முழுசாக விழுங்கினால் கெட்டியான தோல் காப்பாற்றக்கூடும், மென்றால் ஆபத்து. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் குழந்தையைக் கூப்பிடுகிற நிறம் என்பதுதான் அதில் பெரிய தொல்லை. செங்காந்தள் கிழங்கைச் சாப்பிடுகிற கிழங்கு என்று நினைத்து உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் தொட்டியில் வைக்கிற டைஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் ஊசி போன்ற நுண் படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி வீங்க வைக்கும்.

பால் வடியும் செடிகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் எரிச்சல் உயிர் போகும், ஆள் உடனே ஓடிப்போய்க் கழுவுவார். எருக்கம்பால் அப்படியில்லை. அது பட்டால் முதலில் பெரிதாக வலிக்காமல்கூட இருக்கும், சில மணி நேரம் கழித்துப் பார்வை பனி மூடினாற்போல் மங்கும், கருவிழி வீங்கியிருக்கும். வலி இல்லை என்பதற்காகக் கழுவாமல் விடாதீர்கள். எருக்கை வெட்டுகிற அன்று கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாறு கையில் பட்டபடியே வெயிலில் வேலை செய்தால் அடுத்த நாள் அந்த இடம் சிவந்து கொப்புளித்து, பிறகு வாரக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். அது ஒவ்வாமை இல்லை, சாறும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை. கழுவிவிட்டு வெயிலுக்குப் போனால் சரி.

ரோஜா முள் குத்தியது. துரு இல்லையே, டெட்டனஸ் ஊசி எதற்கு?

துருவுக்கும் டெட்டனஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தக் கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன, ஆழமாகக் குத்துகிற எதுவும் அதை உள்ளே கொண்டு போகும், புதுப் பளபளப்பான ஊசியாக இருந்தாலும் சரி. சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டவர்கள் 10 ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்வதும், மண்பட்ட காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தாலே ஒன்று போட்டுக்கொள்வதும் பொதுவான வழக்கம். கடைசியாக எப்போது போட்டோம் என்று நினைவே இல்லை என்றால் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார்.

முள் குத்திய இடத்தில் சில வாரம் கழித்து ஆறாத சின்னக் கட்டி வந்து, அங்கிருந்து கையில் மேல்நோக்கி வரிசையாக இன்னும் சில கட்டிகள் வந்தால் அது ஸ்போரோதிரிக்ஸ் என்கிற பூஞ்சையாக இருக்கலாம். சாதாரணப் புண் என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தால் போகாது. ரோஜாவோடு வேலை செய்கிறேன் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்காமல் அவருக்குத் தெரியாது.

வெறுங்கையால் மண்ணைப் பிசைவது உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

மனசுக்கு நல்லதாக இருக்கலாம். கையில் வெட்டு, புண் இருந்தால் கையுறை போடுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், வெப்ப மண்டல நாடுகளின் மண்ணிலும் சேற்றிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தருகிற பாக்டீரியா இருக்கிறது, தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வடக்கு ஆஸ்திரேலியாவிலும் மழைக்காலத்தில்தான் அது அதிகம் தாக்குகிறது. பாத்தியில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

மூட்டையில் வருகிற தொட்டிக் கலவை, மட்கு உரம் இவற்றைப் பிரிக்கும்போது முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு கிழிக்காதீர்கள். அதிலிருந்து எழும் தூசியில் லெஜியோனெல்லா வகைக் கிருமி இருந்து நிமோனியா வந்ததை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நிறையப் பார்த்திருக்கிறார்கள். காற்றோட்டமான இடத்தில் மெதுவாகப் பிரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறினால் தூசி எழாது. கர்ப்பிணிகள் கையுறை இல்லாமல் மண்ணைத் தொட வேண்டாம், பூனை எச்சம் கலந்த மண்ணில், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி பல மாதம் உயிரோடு இருக்கும்.

பாம்பு வராமல் இருக்க எதையாவது தெளிக்கலாமா? கடித்தால்?

தெளித்து விரட்டுகிற பொருள் எதையும் நம்பி இருக்க முடியாது, பூண்டானாலும் பிளீச்சிங் பவுடரானாலும். பாம்பு வருவது எலிக்காகவும் தவளைக்காகவும் ஒளிய ஓர் இடத்துக்காகவும். செங்கல் குவியல், விறகு, உடைந்த தொட்டி, தென்னை ஓலை இவற்றை வீட்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், சுவரோரம் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள், சிந்திய தானியத்தைக் கூட்டுங்கள். சருகுக் குவியலில் கையை விடுவதற்கு முன் நீளமான கம்பால் கிளறுங்கள். இரவில் தோட்டத்துக்குப் போனால் டார்ச்சும் மூடிய செருப்பும்.

கடித்துவிட்டால் மோதிரம், வளையல், கடிகாரம் கழற்றுங்கள், அப்புறம் வீங்கும். கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததற்குக் கட்டை வைத்துக் கட்டுவதுபோல அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குப் போங்கள். கயிறு போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாம் கேடுதான். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை, பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவார். வலி இல்லை, வீக்கம் இல்லை என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கவும் கூடாது. கட்டுவிரியன் கடி அப்படித்தான், பல் தடமே சரியாகத் தெரியாது, ஆனால் மூச்சு விடுகிற தசையே செயலிழந்து போகும். பாம்புக்கடியை உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது, ஆட்கள் இறப்பதற்குத் தாமதம் ஒரு முக்கியக் காரணம்.

தேனீ கொட்டினால் கொடுக்கை எப்படி எடுப்பது?

எப்படியாவது, உடனே. நகத்தால் வழித்தாலும் சரி, கிள்ளி எடுத்தாலும் சரி, விஷப்பை தோலில் இருக்கும்வரை உள்ளே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அந்த இடத்தைவிட்டும் விலகுங்கள், கொட்டிய தேனீ விடுகிற வாசனை மற்ற தேனீக்களைக் கூப்பிடும். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போகாது, திரும்பவும் கொட்டும். உதடு, நாக்கு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ அது அவசரம், அரை மணி நேரம் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் என்ன?

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தாராளம். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதனால் வாரம் ஒருமுறை கொட்டிவிட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது, நீர் மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் ஓரத்தில் முட்டை கறுப்புப் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் சாகாது, அடுத்த மழைக்குத் தண்ணீர் பட்டதும் பொரியும். நார் போட்டு ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். இல்லையென்றால் தட்டு நிறைய மணலைப் போட்டுவிடுங்கள்.

பெரிய தண்ணீர்த் தொட்டி, அல்லிக் குளம் வைத்திருப்பவர்கள் கொசுவோடு குழந்தையையும் நினைக்க வேண்டும். தவழ்கிற, தளர்நடை போடுகிற குழந்தை மூழ்குவதற்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும், சத்தமே கேட்காது. மேலே உறுதியான கம்பி வலை, அல்லது குழந்தை வளரும்வரை குளமே வேண்டாம்.

மோட்டார், புல்வெட்டி, விளக்கு இதற்கெல்லாம் வீட்டு எக்ஸ்டென்ஷன் வயர் போதாதா?

வெளியே பயன்படுத்தவென்று செய்த, தண்ணீர் புகாத வயர்தான் வேண்டும், ஒட்டுப் போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றியது வேண்டவே வேண்டாம். அதைவிட முக்கியம், தோட்டத்துக்குப் போகிற மின்சாரம் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே அணைந்துபோகிற ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்ச் வழியாகப் போக வேண்டும். அளவுக்கு மேல் மின்சாரம் போனால் மட்டும் அணைகிற சாதாரண எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். புல்வெட்டியில் ஏதாவது சிக்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை. யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் தொடாமல் மெயினை அணையுங்கள்.

ஏணி, மாடித் தொட்டி, ஊன்றுகோல் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

சாய்த்து வைக்கிற ஏணிக்கு நாலுக்கு ஒன்று கணக்கு, நாலடி உயரத்துக்கு ஓரடி சுவரைவிட்டுத் தள்ளி அடிப்பக்கம் இருக்க வேண்டும். எட்டாத கிளையை எட்டிப் பிடிக்காமல், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் இரும்பு, அலுமினிய ஏணி எடுக்கவே கூடாது, கம்பியைத் தொடுகிற கிளையை மின்துறை ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

மாடியில் பாரம்தான் விஷயம். 40 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள ஒரு தொட்டி கிட்டத்தட்ட 50 லிட்டர் பிடிக்கும், தோட்டத்து மண்ணை நிரப்பி நனைத்தால் 80 கிலோ தாண்டும். ஒரு ஆள் எடை. அந்த மாதிரி இருபது தொட்டியை மாடியின் நடுவில் நெருக்கி வைப்பதற்கு முன் கட்டடம் தெரிந்தவரிடம் கேளுங்கள், மண்ணுக்குப் பதில் தென்னை நார்க் கழிவு கலந்த லேசான கலவைக்கு மாறுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்காதீர்கள். காற்றில் அது விழுவது உங்கள் வீட்டுக்குள் இல்லை, தெருவில் போகிறவர் தலையில்.

தக்காளிக்கு நட்ட கம்பு கண்ணுக்கு எதிரி. குனியும்போது நேர் மேலிருந்து பார்த்தால் கம்பின் முனை வெறும் ஒரு புள்ளி, கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கம்புக்கும் பழைய பந்தோ பாட்டில் மூடியோ மாட்டிவிடுங்கள்.

சருகைக் கொளுத்தலாமா?

மட்க வையுங்கள். அரளித் தழை எரிகிற புகையும் கேடு, பிளாஸ்டிக் பையோடு சேர்த்து எரித்தால் டையாக்சின் என்கிற நச்சு வரும்.

நாய், பூனை வளர்க்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

லில்லி இருந்தால் பூனை வேண்டாம், பூனை இருந்தால் லில்லி வேண்டாம். இலை, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எது உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துபோகும். நாய்களுக்குச் சைக்கஸ் விதை கல்லீரலைக் கெடுக்கும். நத்தை மருந்தில் இருக்கிற மெட்டால்டிஹைடு தீனி போலவே இருப்பதால் நாய் விரும்பிச் சாப்பிட்டு நடுக்கமும் வலிப்பும் வந்து விழும். ஆமணக்குப் பிண்ணாக்கும் அப்படித்தான், விஷம் நீக்காத பிண்ணாக்கை எலும்புத் தூளோடு கலந்து வேரில் போட்டால், எலும்பு வாசனைக்கு நாய் தோண்டித் தின்றுவிடும். நாய் இருக்கிற வீட்டில் அந்த இரண்டையும் தவிர்த்து, மட்கிய உரம் போடுங்கள், மூட்டையை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். எதையாவது தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், தின்றதில் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.